கோல்கீப்பர் இல்லாத டீம்

2019 மார்ச் 9, ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். நம்ம டீமுக்குப் பெயர்தான் சென்னை சிட்டி, ஹோம் கிரவுண்டு கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். அன்றைக்கு மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் கப் நமக்கு. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு பாயின்ட் பின்னால் நின்றுகொண்டு, அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் டீமோடு ஆடிக்கொண்டிருந்தது.

இப்பேர்ப்பட்ட நாளில் என் மாமா மேட்ச் பார்க்க வரவில்லை, டீம் செலக்‌ஷனுக்கு வந்திருந்தார்.

மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினைப் பார்த்து ரிட்டயர் ஆனவர். 1996-97ல், ஐ-லீகுக்கு முன்னோடியான தேசிய கால்பந்து லீகின் முதல் கப்பை ஜேசிடி மில்ஸ் ஜெயித்ததை இன்றைக்கும் சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரிதான் சொல்வார். ஜேசிடி இருந்தது பஞ்சாபில், பக்வாராவில். அதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. "மில்லுக்காரன் கப்படா அது!"

பஸ்ஸில் ஏறியதுமே பழைய மெடிக்கல் பில்லை எடுத்து, பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டார். லீக் தொடங்கியதிலிருந்து இன்று வரைக்கும் சிறந்த பதினொரு பேர். முதல் பெயர் பூட்டியா, அந்த முதல் சீசனில் 14 கோல். அடுத்தது ஐ.எம்.விஜயன். மூன்றாவது நம்ம ராமன் விஜயன், எஃப்சி கொச்சினுக்காக ஆடி 1997-98ல் டாப் ஸ்கோரர்.

"நம்மாளுன்னு சேத்துக்கிட்டீங்களா மாமா?"

"பத்து கோல் அடிச்சவனுக்கு என்னடா சிபாரிசு?"

பதில் இல்லை. அப்புறம் பரேட்டோ, யாகுபு, டூடூ, கிறிஸ்டியானோ ஜூனியர். என் பங்குக்கு, 2011-12ல் கோவா டீமான டெம்போவுக்காக 32 கோல் அடித்த ராண்டி மார்ட்டின்ஸ். மூன்றே சீசனில் 22, 26, 22 என்று 70 கோல் குவித்த ஒடாஃபாவுக்காக உக்கடம் வரைக்கும் வாதாட வேண்டியிருந்தது. சுனில் சேத்ரிக்குச் சண்டையே இல்லை. கடைசியாக, அன்றைக்கு ஆடப்போகும் நம்ம பெட்ரோ மான்சி.

பில்லை வாங்கிப் பார்த்தேன். பதினொரு பேரும் கோல் அடிக்கிறவர்கள்.

"ஏனுங் மாமா, கோல்கீப்பர்?"

"பந்து இந்தப் பக்கம் வந்தாத்தான மாப்ள?"

ஸ்டேடியத்தில் உட்கார்ந்து கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை, பந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. மூன்றாவது நிமிடம், மினர்வா 1, நாம் 0. மாமா மெதுவாகப் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பாதி நேரம் வரைக்கும் கடலை மட்டும்தான் பேசியது.

இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி. மான்சி போட்டார். "பாத்தியா, என்ற டீமு!" என்று பில் திரும்ப வெளியே வந்தது. மறுபடியும் ராண்டியா, ஒடாஃபாவா என்று ஆரம்பித்தோம். ராண்டியின் மொத்தக் கோல் எத்தனை என்று மாமாவுக்குக் காட்ட நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று ஸ்டேடியமே எழுந்து குதித்தது. எழுந்தோம். எதற்கு என்று தெரியாமலே குதித்தோம்.

"யாரு தம்பி அடிச்சது?"

முன்வரிசைப் பையன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான். "கௌரவ் போரா."

"அவன் டிஃபெண்டராச்சே!" என்றார் மாமா, என்னமோ போரா ரூல் மீறிவிட்டது போல.

கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் முன்னால் போய்விட்டதாகப் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அவர்களும் ஜெயித்தால், இங்கே ஒரு கோல் திரும்ப வாங்கினாலே கப் கொல்கத்தாவுக்குப் போய்விடும். வயிற்றைக் கலக்கியது. போனை உள்ளே போட்டேன். இஞ்சுரி டைமில் மறுபடியும் கோல், மறுபடியும் அதே போரா. இந்தத் தடவை ரெண்டு கண்ணாலும் பார்த்தோம். 3-1. 43 பாயின்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா என்னிடம் பேனா கேட்டார். ஒரு பெயரை அழுத்தி அடித்துவிட்டு மேலே 'போரா' என்று எழுதினார். எட்டிப் பார்த்தேன். வெளியே போனது ஒடாஃபா.

"மாமா! 70 கோலுங்க!"

"அடிச்சான், இல்லீங்கல. ஆனா நான் பாக்கலியே."

"சரி, கோல்கீப்பரு?"

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். "எறங்கற எடம் வந்துருச்சு, எந்திரி."

இன்னும் நாலு ஸ்டாப் இருந்தது.