ஜிங்க் ஆக்சைடு படலங்கள்: ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

ஜிங்க் ஆக்சைடு படலம் ஏற்றிய மூன்று கண்ணாடிகளும் பர்னஸிலிருந்து (சூளை) வந்துவிட்டன: 4, 8, 16 கோட்டிங். கரைசல், சுழற்சி வேகம், சூடு எல்லாம் ஒன்றுதான், தடிமன் மட்டும் வேறு. ஜன்னல் பக்கம் சாய்த்தால் 4 கோட்டிங்கில் மங்கலான ஊதா தெரிகிறது, 8 கோட்டிங்கில் அதே ஊதா நன்றாக அழுத்தமாக. மூலைகளில் கரைசல் சற்றுத் தேங்கிக் காய்ந்ததால் இளஞ்சிவப்பும் பச்சையும் கோடு கோடாக ஓடுகின்றன. ஜிங்க் ஆக்சைடுக்கென்று நிறம் கிடையாது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது, எந்த அலைநீளம் வலுக்கும், எது அழியும் என்பதைத் தடிமன்தான் முடிவு செய்கிறது. இந்த அழகு எனக்கு அலுப்பதே இல்லை.

ஜூன் 4, புதன்

இன்று ஸ்பெக்ட்ரோமீட்டர் கிடைத்தது. 16 கோட்டிங் படலத்தின் ஊடுகடத்தல் வளைவில் (ஒவ்வொரு அலைநீளத்திலும் எத்தனை சதவீத ஒளி ஊடுருவுகிறது என்பது) 720, 540 நானோமீட்டரில் அடுத்தடுத்து இரண்டு மேடுகள். ஒளிவிலகல் எண்ணை 1.9 என்று வைத்தால் தடிமன் 568 நானோமீட்டர் வருகிறது, அதாவது ஒரு கோட்டிங்குக்குச் சுமார் 35. மேடுகள் வெறும் கண்ணாடியின் 92 சதவீதத்தைக் கிட்டத்தட்டத் தொடுகின்றன, நடுவில் உள்ள பள்ளம் 80 சதவீதம் அருகே. படலம் ஒளியை உறிஞ்சாத பகுதியில் இப்படித்தான் இருக்க வேண்டும். மூலைப் பக்கம் நகர்த்தி வைத்தால் மேடு தாழ்ந்து பள்ளம் ஏறிவிடுகிறது. ஒளிக்கற்றை விழும் சில மில்லிமீட்டருக்குள்ளேயே தடிமன் மாறுவதுதான் காரணம். அளப்பதென்றால் நடுப்பகுதியில் மட்டும்தான்.

ஜூன் 6, வெள்ளி

பர்னஸ் ஆறும் வரை கேத்தரின் பிளாட்ஜெட் பற்றிப் படித்தேன். ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் 1938-இல், பேரியம் ஸ்டியரேட்டை ஒரு மூலக்கூறு தடிமனாக 44 அடுக்கு ஏற்றி, பிரதிபலிக்காத கண்ணாடியைச் செய்தவர். படலத்தின் நிறத்தைப் பார்த்தே தடிமனைச் சொல்லும் அளவுகோலும் அவருடையதுதான்.

ஜூன் 9, திங்கள்

என் ஜூனியர் ஒரு டாக் (Tauc) வரைபடத்தோடு வந்தாள்: உறிஞ்சலிலிருந்து வரும் வளைவின் மேல் ஒரு நேர்கோடு போட்டு, அது ஆற்றல் அச்சை வெட்டும் இடத்தை ஆற்றல் இடைவெளி, அதாவது பொருள் ஒளியை உறிஞ்சத் தொடங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், என்று எடுப்போம். "அக்கா, தடிமன் கூடக் கூட ஆற்றல் இடைவெளி குறையுது. எழுதிடலாமா?"

இந்த முடிவைப் பல கட்டுரைகளில் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு அலைநீளத்தில் உறிஞ்சல் குணகம் (பொருள் ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்ற அளவு) மைக்ரோமீட்டருக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். பிரதிபலிப்பை விட்டுவிட்டால், 142 நானோமீட்டர் படலம் (4 கோட்டிங்) 87 சதவீத ஒளியை விடும், 568 நானோமீட்டர் படலம் (16 கோட்டிங்) 57 சதவீதம்தான் விடும். பொருள் ஒன்றேதான், ஆனால் தடித்த படலத்தில், ஒளி ஊடுருவுவது குறையத் தொடங்கும் விளிம்பு நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்த மாதிரி தெரியும்.

குணகத்தைக் கணக்கிடும்போது தடிமனால் வகுக்கிறோமே, சரியாகிவிடாதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. இடைவெளிக்கு மேலான ஆற்றலில் குணகம் மைக்ரோமீட்டருக்கு 15 அளவுக்கு ஏறுகிறது. அங்கே மெல்லிய படலம் இன்னும் 12 சதவீதம் விடும். தடித்ததில் வருவது 0.02 சதவீதம், கருவிக்கு அது வெறும் இரைச்சல். ஆகவே தடித்த படலத்துக்கு நேர்கோட்டை வளைவின் அடிவாலில்தான் போட முடிகிறது, அது குறைந்த ஆற்றலில் போய் வெட்டுகிறது. அந்த 'குறைவு' கோடு போட்ட இடத்திலிருந்து வருகிறது. குவாண்டம் அடைப்பு (மிகச் சிறிய இடத்தில் எலக்ட்ரான் அடைபடுவதால் இடைவெளி கூடுவது) என்று சொல்லவும் வழியில்லை, ஜிங்க் ஆக்சைடில் அதற்குப் படலம் சில நானோமீட்டராக இருக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

மெல்லிய படலத்தின் மேல்பகுதியையும் தடித்ததன் வாலையும் ஒரே வரைபடத்தில் இணைத்தோம். பிரதிபலிப்பையும் அளந்து கழித்ததில் அலையலையாக வந்தது பெரும்பாலும் அடங்கிவிட்டது. இடைவெளி 3.3 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் நிற்கிறது. மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசம் படிகத்தின் இறுக்கத்தாலும் இருக்கலாம், துகள் அளவாலும் இருக்கலாம். மூன்று கண்ணாடிகளையும் எக்ஸ்-ரேக்குக் கொடுத்திருக்கிறோம், அது வரும்வரை அந்தப் பத்தியை எழுத வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.