தண்டப்பணம் அறவிட்ட ஐயா

சமூக சேவை அமைப்பான லயன்ஸ் கழகங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரோடு டெயில் ட்விஸ்டர் என்றொரு பதவியும் உண்டு. கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருப்பதும், உறுப்பினர்களின் சின்னஞ்சிறு குற்றங்களைக் கண்டுபிடித்துத் தண்டப்பணம் அறவிடுவதும், சேர்ந்த பணத்தை உடனுக்குடன் பொருளாளரிடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுவதும் அப்பதவியில் இருப்பவரின் கடமைகள். அவருடைய தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது. ஆனால் ஒரே கூட்டத்தில் ஒருவரை இரண்டு தடவைக்கு மேல் தண்டிக்க அவருக்கும் அதிகாரம் இல்லை. லயன்ஸ் இயக்கத்தின் இளையோர் பிரிவான லியோ கழகம் எங்கள் பாடசாலையிலும் இருந்தது. அதற்கு ஆலோசகராக வந்த ஐயா, தமது கழகத்தில் தலைவர் பதவி உட்படப் பல பொறுப்புகளை வகித்திருந்தபோதும், விரும்பிக் கேட்டு வாங்கியது இந்தப் பதவியைத்தான்.

லியோ மாணவர்களாகிய நாங்கள் விருந்தினராக அமர்ந்திருந்த ஒரு கூட்டத்தில், தலைவர் தமது உரையில் "இறுதியாக" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். ஐயா எழுந்து முதல் இரண்டுக்கும் தண்டம் விதித்துவிட்டு, மூன்றாவதற்கு விதி இடந்தரவில்லையே என்று வருந்தி, "சட்டம் தலைவரைக் காப்பாற்றிவிட்டது, கேட்டுக்கொண்டிருந்த எங்களைக் காப்பாற்றத்தான் ஒரு சட்டமும் இல்லை" என்றார். தலைவரே விழுந்து விழுந்து சிரித்தபடி பணத்தை நீட்டினார். 1917 இல் தொடங்கிய லயன்ஸ் இயக்கம் 1987 இல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அந்த எழுபது ஆண்டுத் தாமதத்துக்காக, முதற்பெண் உறுப்பினர் இணைந்த நாளில் மண்டபத்தில் இருந்த ஆண்கள் எல்லோரிடமும் ஐயா தண்டம் அறவிட்டதாகக் கழகத்து மூத்தவர்கள் எங்களுக்குச் சொல்வார்கள்.

அவருடைய பகிடி எப்போதும் மேடையில் இருப்பவர்களை நோக்கியே சென்றது. ஒருவருடைய வறுமையையோ, உடலையோ, பேச்சுத் தடுமாற்றத்தையோ அவர் ஒருநாளும் தொட்டதில்லை. அவ்வளவு வேகமாக நாக்கில் சொல் வந்து நிற்கும் ஒருவருக்கு இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

அதை நாங்கள் நேரில் கண்டது கண் பரிசோதனை முகாம்களில். எழுத்துத் தெரியாதவர்களுக்காக, ஆங்கில 'ஈ' எழுத்தைப் பல திசைகளில் திருப்பி அச்சிட்ட அட்டை ஒன்று உண்டு. அதன் மூன்று கோடுகளும் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். ஆயினும் வரிசையில் நின்ற முதியவர்கள் பலர், படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று கூசிப் பின்வாங்குவார்கள். ஐயா அவர்களுக்கு அருகில் போய், "அம்மா, இது படிப்பதற்கில்லை. இவர் எந்தப் பக்கம் காலை நீட்டிப் படுத்திருக்கிறார் என்று மட்டும் காட்டுங்கள், எழுப்பிவிடுவோம்" என்பார். சிரித்துக்கொண்டே கை நீட்டிய எத்தனையோ பேர் அன்று கண்ணாடியோடு வீடு திரும்பினார்கள். அந்த நகைச்சுவை இல்லாதிருந்தால் அவர்களிற் பலர் பரிசோதனைக் கதிரையில் உட்கார்ந்தே இருக்கமாட்டார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஒரேயொரு விடயத்தில் மட்டும் அவர் பகிடி விடமாட்டார். 1925 இல் ஒஹையோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாகுமாறு உறுப்பினர்களிடம் வேண்டிக்கொண்டதை ஒவ்வோர் ஆண்டும் புதிய லியோ மாணவர்களுக்குச் சொல்வார். அப்போது அவர் குரல் மாறிவிடும்.

டெயில் ட்விஸ்டரைத் தண்டிப்பதானால் கூட்டத்துக்கு வந்திருக்கும் அனைவரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும். உடல் தளர்ந்து அவர் பதவியிலிருந்து விலகிய கூட்டத்தில், இத்தனை ஆண்டுகள் தங்களைச் சிரிக்கவைத்த குற்றத்துக்காக உறுப்பினர்கள் எல்லோரும் கையுயர்த்தினார்கள். ஐயாவும் கையுயர்த்தி வாக்கை ஒருமனதாக்கிவிட்டு, தண்டத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

பாவித்த கண்ணாடிகளைச் சேகரிக்க எங்களை வீடு வீடாக அனுப்பும்போது, "லாச்சிக்குள் கிடக்கும் கண்ணாடி இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, வெளியே எடுத்துவிடுங்கள்" என்று சொல்லச் சொல்வார். அவர் நினைவாக, நமது சங்கத்தின் அடுத்த ஒன்றுகூடலில் மண்டப வாசலில் ஒரு பெட்டி வைக்க விரும்புகிறேன். சட்டகம் உடையாத, வில்லைகளில் கீறல் விழாத பழைய கண்ணாடிகள் உங்கள் வீடுகளில் இருந்தால், துடைத்து எடுத்து வாருங்கள். அவற்றை இங்குள்ள லயன்ஸ் கழகத்திடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.