சாளை விலை கேட்டு விடியும் காலை

மண்டபத்தில் ஒரு மீனவர் குழு கடலில் மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டுகளுக்கு நான்கு வருடம் கணக்கு எழுதினேன். நோட்டில் தினமும் முதலில் ஏறுவது, கூண்டு மீனுக்குத் தீனியாகப் போடும் சாளையின் (மத்தி மீனின்) விலை. விடிகாலையில் நாட்டுப்படகுகள் கரை சேரும் இடத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்துதான் டீயே குடிப்பேன்.

வளர்த்தது கடல் விரால். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில்தான் 2010-ல், இந்தியாவிலேயே முதன்முறையாக, இதை முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். விரல் நீளக் குஞ்சை விட்டால் ஏழு மாதத்தில் இரண்டரை, மூன்று கிலோ. எங்கள் கடலின் சூட்டுக்கு அது வளரும் வேகமும் அப்படி, தின்னும் வேகமும் அப்படி. பயிற்சி வகுப்பில் முதலாவதைச் சத்தமாகச் சொன்னார்கள்.

6 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கூண்டில் 750 குஞ்சு விடுவோம். ஒரு கிலோ மீன் ஏற எங்கள் நோட்டின்படி ஐந்தரைக் கிலோ சாளை போனது. சாளை கிலோ 20 ரூபாய் என்றால் தீனிக்கு 110 ரூபாய். 35 ஆகிவிட்டால் 190-ஐத் தாண்டும். காவல் கூலி, கொட்டலசு (ஓடுள்ள கடல் ஒட்டுயிரி) அப்பிய வலையை மாற்றும் கூலி எல்லாம் இதற்கு முன்னால் சில்லறை. கூண்டு போட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 40 சதவீதம் மானியம் இருந்தது, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60. தினமும் வாங்கும் சாளைக்கு எங்கள் கைக்கு எந்த மானியமும் வரவில்லை. ஏழை வீட்டுக் குழம்புக்குப் போக வேண்டிய ஐந்தரைக் கிலோ மீனைக் கொட்டி, ஓட்டலுக்கு ஒரு கிலோ மீன் எடுக்கிறோமே என்ற உறுத்தல் எனக்குக் கடைசிவரை போகவில்லை.

தீனி போடுவது தனிக் கலை. நறுக்கிய சாளையில் முதல் கை வீசியதும் கரும்பழுப்பு முதுகுகள் மேலே வந்து தண்ணீர் கொதிக்கும். கொஞ்ச நேரத்தில் கொதிப்பு அடங்கும். அந்த நொடியில் கையை நிறுத்த வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மீன் துள்ளுவதைப் பார்த்த சந்தோஷத்தில் கூடையையே கவிழ்த்துவிட்டான். மறுநாள் முங்கிப் பார்த்தால் வலையடியில் ஊறி வெளுத்த சாளைத் துண்டுகள். "கூடையில ரூவா நோட்டை நறுக்கிப் போட்டிருக்கேன்னு நெனச்சுக்க தம்பி" என்றார் குழுவின் பெரியவர். திட்டவில்லை.

எங்கள் கூண்டுகள் இருந்த வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அமைதியாவது பங்குனி வாக்கில். ஐப்பசி கழிந்தால் வாடைக்காற்று எழும்பிவிடும். அதற்குள் விட்டு, வளர்த்து, பிடித்துவிட வேண்டும். சுற்றியிருக்கிற எல்லாக் குழுவுக்கும் இதே கடல், இதே நாட்கள். அக்டோபரில் ஒரே நேரத்தில் எல்லோரும் மீனோடு நிற்போம். வியாபாரி நிதானமாகப் பேசுவார்: "அவசரமில்ல தம்பி, இன்னும் பத்து நாள் வளரட்டுமே." மீன் வளரும்தான். வாடையில் வலை தாங்குமா என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கிலோவுக்கு முப்பது, நாற்பது ரூபாய் அந்தப் பேச்சிலேயே கரைந்துபோகும்.

வாடைக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) அமைதியாக இருக்குமே, அங்கே கூண்டு போடலாமே என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். அங்கே 21 தீவுகளும் தேசியப் பூங்கா, நினைத்த இடத்தில் போட முடியாது என்றார்கள். 2019 செப்டம்பரில் பூங்கோரைப் பாசி வந்து அந்தக் கடல் பச்சையாகி, மீன் செத்து ஒதுங்கியதைக் கண்ணால் பார்த்தவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். ஓடித் தப்பிக்க முடிகிற மீனுக்கே அந்தக் கதி. வலைக்குள் அடைத்த மீனுக்கு? பேச்சு அத்தோடு நின்றது.

மீனுக்கு நல்ல விலை கிடைப்பது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. அவை நின்றால், தீனிக்கு ஆகும் மலிவான கழிவு மீனான சங்காயம் வருவதும் நின்றுவிடும். நாட்டுப்படகு கொண்டுவரும் கொஞ்சச் சாளைக்கு வீட்டுச் சமையலுக்கு வாங்குகிறவர்களோடு நாங்களும் போட்டி போட வேண்டும். நோட்டில் 35-ம் 40-ம் ஏறியதெல்லாம் அந்த வாரங்களில்தான்.

மூன்றாம் வருடம் மே மாதம், அக்டோபரில் அவசரமில்லை என்ற அதே வியாபாரி போன் செய்தார். "என்ன இருந்தாலும் கொடுங்க தம்பி, நீங்க சொல்ற விலை." பெரியவர் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டே கூண்டைப் பார்த்தார். உள்ளே இருந்த ஒவ்வொன்றும் அரைக் கிலோ.