புதிய கார்டு தூங்க, பழைய கார்டு உழைத்த கதை

கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் இரண்டு வரைபடங்கள், ஜிபியூ எனப்படும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்றாக. ‘ஜிபியூ 0’ என்பதன் கோடு கூரையில் ஒட்டிக்கொண்டு நின்றது. ‘ஜிபியூ 1’ என்பதன் கோடு பாய் விரித்துப் படுத்திருந்தது. உயிரைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருந்தது என் பழைய ஜிடி 1030. படுத்திருந்தது, முதல்நாள் மாலை சிங்கப்பூரின் ஈசூன் ரயில் நிலைய வாசலில் ஒருவரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்து வாங்கி வந்த ஆர்டிஎக்ஸ் 3060. பழையதில் நினைவகம் 2 ஜிகாபைட், புதியதில் 12. காணொளித் தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வோ ‘ஜிபியூ நினைவகம் நிரம்பிவிட்டது’ என்று நிமிடத்துக்கு ஒருமுறை புலம்பியது.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவுக்கு நிகழ்ச்சிக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பது என் வாரயிறுதி வேலை. சம்பளம் கிடையாது, பிரியாணிப் பொட்டலம் உண்டு. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் பொட்டலங்களும் கூடும், கோப்புகளும் கூடும். அதற்காகத்தான் இந்தப் புதிய கார்டு.

பழையதைக் கழற்றி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னிடம் 19 அங்குலத் திரை ஒன்று இருக்கிறது. டிவிஐ என்ற பழைய வகை இணைப்புத் துளை மட்டுமே உள்ள கிழம். அதில் வசனத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு தொகுத்துப் பழகிவிட்டேன். புதிய கார்டில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் மட்டுமே உண்டு. கிழத்துக்குக் கிழம் துணையாக இருக்கட்டும் என்று இரண்டையும் வைத்துக்கொண்டேன். மின்சாரத்துக்கும் குறைவில்லை: புதியதற்கு 170 வாட், பழையதற்கு 30 வாட், பெட்டியில் இருப்பது 550 வாட் மின்வழங்கி.

ஆனால் எதை எந்தத் துளையில் செருகுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பழைய கார்டு மதர்போர்டு என்ற தாய்ப்பலகையின் மேல் துளையில் இருந்தது. அதைப் பிடித்து வைத்திருக்கும் சிறு பிளாஸ்டிக் கொக்கி, பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய குளிர்விப்பானின் அடியில் மறைந்திருந்தது. என் விரல் நுழையவில்லை. கீழே அதே நீளத்தில் இன்னொரு துளை காலியாக இருந்தது. புதியதை அங்கே செருகினேன், எட்டு முள் மின்கம்பியை மாட்டினேன், மூடினேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்ததென்று பால் இல்லாத கோப்பி ஓ கலக்கிக் குடித்தேன். அந்தச் சோம்பலுக்கு விலை நான்கு மாலைகள்.

முதல் மாலை, கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போனேன். என்னுடைய பலகையில் ‘இனிஷியல் டிஸ்ப்ளே அவுட்புட்’ என்று ஒரு வரி இருக்கிறது. வேறு பலகைகளில் ‘பிரைமரி டிஸ்ப்ளே’ என்றிருக்கும். அதில் முதல் துளைக்குப் பதிலாக இரண்டாம் துளையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். கணினி மறுபடி எழுந்தபோது திரை கருப்பு. மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் இல்லை, ஒன்றும் இல்லை. வயிற்றைப் பிசைந்தது. வட்டமான சிஆர் 2032 பேட்டரியைப் பிடுங்கிப் பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்று ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். அதற்குள் விண்டோஸின் நுழைவுத் திரை ஒன்றும் நடக்காததுபோல் வந்து நின்றது. பயாஸ் நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. தொடக்கக் காட்சியைப் புதிய கார்டுக்கு அனுப்பியது. அங்கே எந்தக் கேபிளும் இல்லை. விண்டோஸ் எழுந்து இரண்டு கார்டுகளையும் அடையாளம் கண்ட பிறகே என் திரைக்கு உயிர் வந்தது. டாஸ்க் மேனேஜரில் ஒரு மாற்றமும் இல்லை. கணினி கண் விழிக்கும் அந்தச் சில நொடிகளோடு பயாஸின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. அதன்பின் எந்த மென்பொருள் எந்தக் கார்டில் ஓடுகிறது என்பதில் அதற்குப் பேச்சில்லை.

இரண்டாம் மாலையை வீணடித்தேன். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை வேரோடு துடைத்துவிட்டு மீண்டும் நிறுவினேன். கணினியில் எது கெட்டாலும் இதைச் செய்யச் சொல்ல ஒருவர் இருப்பார், தலைவலிக்குத் தைலம் போல. குற்றம் அங்கே இல்லை.

மூன்றாம் மாலை விண்டோஸ் 11இன் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று உள்ளே போனேன். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாகக் கார்டைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் அது. 2018இல் விண்டோஸ் 10க்கு வந்த வசதி. ‘பவர் சேவிங்’, ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என இரண்டு வாய்ப்புகள். சிரிப்பு வந்தது: என் கணினியில் இரண்டுக்கும் நேராக ஜிடி 1030 என்றே எழுதியிருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தவும் அதுவே, வேகத்துக்கும் அதுவே! இரண்டு ஜிபியூ உள்ள மடிக்கணினியில் ஒன்று பிராசசருக்குள் இருக்கும், ஒன்று தனி கார்டாக இருக்கும். எது சிக்கனம், எது வேகம் என்பதில் குழப்பம் இல்லை. என் ரைசன் 5 3600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. இரண்டுமே தனி கார்டுகள். நல்ல வேளையாக அதே பட்டியலில் கார்டின் பெயரைச் சொல்லியே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் இருந்தது. தொகுப்பு மென்பொருளுக்கு 3060 என்று குறித்தேன். மூடித் திறந்தேன். ஜிபியூ 1இன் கோடு முதல்முறையாகத் தலை தூக்கியது.

ஆனால் எல்லாம் அசையவில்லை. பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாணத் தலைப்பு எழுத்துகளைச் சுழற்றினால் பழைய கார்டே திணறியது. என்னிடமுள்ள பதிப்பு ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் வழியாக வரையும். அதற்கான தேர்வு கார்டுகளின் நிறுவனமான என்விடியாவின் கண்ட்ரோல் பேனலில், முப்பரிமாண அமைப்புகளின் கீழ், ‘ஓபன்ஜிஎல் ரெண்டரிங் ஜிபியூ’ என்று தனியாக இருந்தது. அதை மாற்றியதும் எழுத்துகள் சுழன்றன. டாவின்சி ரிசால்வின் பிரிஃபரன்சஸில் ‘மெமரி அண்டு ஜிபியூ’ என்று இன்னொரு பக்கம். அங்கே ‘ஆட்டோ’வை நீக்கிவிட்டு நாமே கார்டில் டிக் செய்யலாம். மூன்று நாளாக நான் தேடியது ஒரே ஒரு சுவிட்சை. இங்கேயோ ஆளுக்கொரு சாவிக்கொத்து.

எண்களின் கூத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேச்சை எழுத்தாக்கும் நிரல் ஒன்றை வசனம் எடுக்கப் பயன்படுத்துகிறேன். எந்தக் கார்டு என்று அது எண்ணால் கேட்கும். டாஸ்க் மேனேஜரைப் பார்த்து 1 என்று தட்டினேன். பழைய கார்டில் போய் உட்கார்ந்தது. இத்தகைய நிரல்கள் என்விடியா கார்டில் கணக்குப் போட உதவும் கூடா தளம் தானாக எண்ணிடும்போது வேகமான கார்டுக்கே 0 கொடுக்கும். கார்டுகளின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையோ துளைகளின் முகவரி வரிசைப்படி எண்ணிடும். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் ‘கூடா டிவைஸ் ஆர்டர்’ என்ற சூழல் மாறிக்கு (நிரல்கள் பார்த்துக்கொள்ளும் ஓர் அமைப்புக்கு) ‘பிசிஐ பஸ் ஐடி’ என்று மதிப்புத் தர வேண்டும். பெயரிலேயே ‘கூடா’ என்றிருக்கும் ஒன்றிடம் ஒத்துப்போகச் சொல்வது நம் தவறு என்று மனைவியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் முன்னோட்டம் ஓடும்போது படம் நடுநடுவே தடுக்கியது. பக்கத்து புளோக்கில் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். நான்காம் மாலை மின்தூக்கியில் பார்த்துக் கதையைச் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: “மாமா, பெரிய திரையின் கேபிள் எந்தக் கார்டில் இருக்கிறது?”

“பழையதில். ஏன், அலுவலக மடிக்கணினியில் ஒரே திரை, இரண்டு கார்டு. அது ஓடுகிறதே?”

“ஓடும் மாமா. ஆனால் ஒன்று வரைந்ததை இன்னொன்று தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். நீங்கள் புதியதை எந்தத் துளையில் போட்டீர்கள்?”

பத்தாம் மாடி வந்தும் நான் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் பெரிய திரையில் 2560க்கு 1440 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படம் சுமார் 14.7 மெகாபைட். நொடிக்கு 60 படம் என்றால் ஏறத்தாழ 880 மெகாபைட். புதிய கார்டு வரைந்த படமெல்லாம் கீழ்த்துளை வழியாக வெளியேறி, பழைய கார்டுக்குப் போய், அங்கிருந்து திரைக்கு வந்திருக்கிறது. கீழ்த்துளை பார்க்கத்தான் நீளம். என்னுடைய பி450 பலகையில் அது சிப்செட் என்ற துணைச் சில்லோடு இணைந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 (கார்டும் பலகையும் பேசிக்கொள்ளும் இணைப்பின் பழைய தலைமுறை), உள்ளே தரவு ஓட நான்கே தடங்கள், நொடிக்கு 2 ஜிகாபைட்தான் கொள்ளும். அதில் கிட்டத்தட்டப் பாதியை, முடிந்த படத்தைச் சுமப்பதற்கே செலவழித்திருக்கிறேன். மேல் துளையோ பிராசசரோடு நேராக இணைந்த 3.0, பதினாறு தடங்கள், ஏறத்தாழ 16 ஜிகாபைட். எட்டு மடங்கு. அங்கே யாரைக் குடிவைத்திருந்தேன்? பிறவியிலேயே நான்கு தடங்களை மட்டும் பயன்படுத்தும் ஜிடி 1030ஐ. பேருந்துத் தடத்தில் சைக்கிளை விட்டுவிட்டுப் பேருந்தைச் சந்துக்குள் திருப்பியிருக்கிறேன்.

ஞாயிறு காலை பெட்டியைத் திறந்தேன். கொக்கி அதே இடத்தில், அதே குளிர்விப்பானின் நிழலில். சமையலறை இழுப்பறையில் பொட்டலச் சாப்பாட்டோடு வந்து சேர்ந்த மரச் சாப்ஸ்டிக்குகள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். மின்வழங்கியின் உலோக உறையை ஒருமுறை தொட்டு உடலிலிருந்த மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, குளிர்விப்பானின் தகடுகளுக்கு அடியில் குச்சியைச் சாய்வாக விட்டு, கொக்கியின் நுனியைத் தேடிக் கீழே அழுத்தினேன். ‘டிக்’. ஆறு ஆண்டுகளாக அசையாத கார்டு ஒரு பக்கம் எழும்பியது. தங்கநிறப் பற்களின் ஓரத்தில் மெல்லிய சாம்பல் பட்டை போலத் தூசு. இந்த ஊர் ஈரத்தில் அது தூசாகக்கூட இல்லாமல் பிசினாகியிருந்தது. துடைத்துக் கீழே செருகினேன். 3060 மேலே ஏறியது. பெரிய திரையின் கேபிள் 3060இல், கிழத்திரையின் கேபிள் 1030இல். பயாஸில் மீண்டும் முதல் துளை.

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியூ-இசட் நிரலைத் திறந்தால் முதலில் ‘x16 1.1’ என்று காட்டியது: தடங்கள் பதினாறு, வேகமோ பழைய 1.1 தலைமுறை. மறுபடி வயிற்றைப் பிசைந்தது. சும்மா இருக்கும்போது கார்டு இணைப்பின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்திலிருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சோதனை ஓட்டம் விட்டதும் 3.0 ஆனது. விண்டோஸின் கிராபிக்ஸ் பக்கத்திலும், என்விடியா பேனலிலும், ரிசால்விலும் 3060 பெயர் நிற்கிறதா என்று வரிசையாகச் சரிபார்த்தேன். முன்னோட்டம் தடுக்காமல் ஓடியது. பொங்கல் நிகழ்ச்சியில் உறியடிக்கும் சிறுவன் குச்சியைத் தூக்கியதிலிருந்து பானை உடைவதுவரை ஒரே மூச்சில் பார்த்தேன்.

தம்பியிடம் சொன்னபோது, “எச்டிஎம்ஐயை டிவிஐ ஆக்கும் கேபிள் ஒன்று வாங்கினால் பழைய கார்டே தேவையில்லையே மாமா” என்றான், சாதாரணமாக. அடுத்த சனிக்கிழமை சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்ச் சில வெள்ளிக்கு அந்தக் கேபிளை வாங்கி, அப்படியே தேக்கா வரை நடந்து தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன். கேபிள் மேசை இழுப்பறையில் சாப்ஸ்டிக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, உறை பிரிக்காமல். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை இந்த மாதம் மறுபடி திறக்க மாட்டேன்.