இருட்டில் ஃபோகஸ்
நேற்று இரவு மூன்றாவது முறையாக நட்சத்திரங்களைப் படமெடுக்கப் போனேன், இந்த முறைதான் அவை புள்ளிகளாக விழுந்தன. முதல் இரண்டு தடவையும் எல்லாமே மங்கல். காரணம் ஃபோகஸ். இருட்டில் ஆட்டோஃபோகஸ் எதையும் பிடிக்க முடியாமல் அலையும், அதனால் மேனுவலுக்கு மாற்றி, திரையில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள், பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. அப்புறம் நான் வைத்த அமைப்பு: 24 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு அளவு), ஐஎஸ்ஓ 3200 (ஒளி உணர்திறன்), ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 15 விநாடி. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் இந்த லென்ஸோடு 20 விநாடியைத் தாண்டினால் பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். முக்காலி கட்டாயம். விரலால் ஷட்டரை அழுத்தினாலே கேமரா அசையும், 2 விநாடி டைமர் வையுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத அத்தனை நட்சத்திரங்களும் திரையில் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது!