முட்டிக்கு எக்ஸ்ரே, கல்லீரலுக்கு?

ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத குறைபாடு உள்ளவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு நேராக முட்டிக்குத்தான் போகும். எந்த மூட்டு வீங்கியது, பிசியோ எங்கே, ஜி.எச்.சில் ஃபேக்டர் (ரத்தம் உறைய உதவும் புரத மருந்து) இருக்கிறதா. கல்லீரலைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. மூட்டு வலிக்கும், கல்லீரல் வலிக்காது, அவ்வளவுதான்.

என் வயதுக்காரர்களுக்குச் சின்ன வயதில் கிடைத்தது பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி), அதிர்ஷ்டம் இருந்தால் அதிலிருந்து பிரித்தெடுத்த கிரையோ. உறைந்த பையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் கரைத்து ஏற்றுவார்கள். உயிரோடு இருப்பதே அதனால்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸைக் கண்டுபிடித்ததே 1989-இல், நம் ரத்த வங்கிகளில் அதற்கான பரிசோதனை கட்டாயமானது 2001-இல். அதற்கு முன் எங்களுக்கு ஏறிய பைகளை யார் கணக்கு வைத்தார்கள்? பணக்கார நாடுகளில் கதை இன்னும் மோசம், ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து ஃபேக்டர் தயாரித்ததால் ஒருவரிடம் இருந்த கிருமி மொத்தத்தையும் கெடுத்தது. பிரிட்டனில் ரத்தம், ரத்தப் பொருட்கள் வழியாக 30,000-க்கும் அதிகமானோருக்குத் தொற்று வந்தது என்று 2024 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது.

எனக்கும் ஹெபடைட்டிஸ் சி இருந்தது. பெரியப்பா வழக்கம்போல கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொன்னார். நல்லவேளையாக அப்போது மாத்திரை வந்துவிட்டது. முன்பு மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி போட்டு அவதிப்பட்டவர்கள் உண்டு, இப்போது பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் தினமும் மாத்திரைதான். 2018 முதல் தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

குணமான பிறகுதான் வேடிக்கை. பல் பிடுங்கப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஃபைலில் சிவப்பு மையில் 'பாசிட்டிவ்' என்று எழுதி என்னைக் கடைசி ஆளாக உட்கார வைத்தார்கள். ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) டெஸ்ட் குணமான பிறகும் பாசிட்டிவாகவே காட்டும், வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது ஆர்.என்.ஏ. டெஸ்ட்தான். அந்த ரிப்போர்ட்டை ஒரு நகல் எடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வைரஸ் போனாலும் அது கல்லீரலில் விட்டுப்போன தழும்பு போகாமல் இருக்கலாம். முன்பு அதைப் பார்க்க பயாப்ஸி, அதாவது ஊசியால் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனை, செய்ய வேண்டும், நமக்கு ஊசி குத்துவதற்கே ஃபேக்டர் ஏற்ற வேண்டும். இப்போது ஃபைப்ரோஸ்கேன் போதும்: வலது விலா இடுக்கில் கருவியை வைத்து லேசாகத் தட்டுவார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். சிரோசிஸ் (தழும்பேறிக் கல்லீரலே சுருங்கி இறுகுவது) வரை போயிருந்தால், வைரஸ் போன பிறகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்த்தே ஆக வேண்டும், புற்றுநோய் வந்தால் ஆரம்பத்திலேயே பிடிக்க. சிரோசிஸில் உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்து உடைவது யாருக்குமே ஆபத்து, நமக்குக் கேட்கவே வேண்டாம்.

வலி மாத்திரை விஷயமும் இருக்கிறது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் நமக்கு ஆகாது, அதனால் மிஞ்சுவது பாராசிட்டமால். அது அளவு மீறினால் அடி வாங்குவது கல்லீரல். சளி மாத்திரையிலும் அது கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குடியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இளைஞர்கள் "ஜீன் தெரபி வந்துடும்ணே" என்கிறார்கள், ஃபேக்டரை உடலே தயாரிக்கும்படி அதற்கான ஜீனைச் செலுத்தும் சிகிச்சை. சரி, வரட்டும். வெளிநாடுகளில் அனுமதி பெற்றவை ஜீனைக் கொண்டுபோய் இறக்குவது கல்லீரலில்தான், அது கெட்டிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ரத்த ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) வழியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள், ஐந்து பேருக்கு. அது எல்லோருக்கும் கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை, ஃபைப்ரோஸ்கேன் இன்றைக்கே கிடைக்கும்.