சுற்றுலா தினம் எப்ப எண்டு கேட்டா முதல்ல எந்த நாடு எண்டு பாருங்கோ – கைட் சோதினை அனுபவம்

சுற்றுலா கைட் லைசன்ஸுக்கு அப்ளை பண்ணின எங்கட திருகோணமலைப் பிள்ளையள் கொஞ்சப்பேர் கொப்பியும் கையுமா வந்து என்னத்தைப் படிக்கிறது அண்ணா எண்டு கேக்கினம். ஆளாளுக்குத் தனித்தனியாச் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது, அதான் எழுதி விடுறன்.

முதல்ல அந்தக் கொப்பியளைப் பற்றிச் சொல்லோணும். முக்கிய தினங்கள் எண்டு எழுதி வச்சிருக்கிறதில முக்கால்வாசி யூடியூப்பில டிஎன்பிஎஸ்சி கிளாஸ் பார்த்து எழுதினது. அவையள் நல்லாத்தான் படிப்பிக்கினம், குறை சொல்லேல்ல, ஆனா அவையள் படிப்பிக்கிறது தமிழ்நாட்டுச் சோதினைக்கு. ஒரு தங்கச்சி ‘தேசிய சுற்றுலா தினம் ஜனவரி 25’ எண்டு சிவப்புப் பேனையால ரெண்டு கோடு இழுத்து வச்சிருக்கு. அது இந்தியாவுக்கு. அவையின்ர குடியரசு தினத்துக்கு முதல் நாள், அதே நாள்தான் அங்க வாக்காளர் தினமும், ஏனெண்டா 1950 ஜனவரி 25ல தேர்தல் ஆணையம் தொடங்கினது, அதை வச்சு 2011ல இருந்து கொண்டாடினம். இலங்கையில நாங்கள் பிடிக்கிறது செப்டம்பர் 27, உலக சுற்றுலா தினம். ரெண்டும் ஒரே பக்கத்தில நாடு பேர் இல்லாமல் கிடந்தா சோதினை மண்டபத்தில கை தடுமாறும், ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலயும் நாட்டை எழுதுங்கோ.

இன்னொண்டு, தேதியை மட்டும் பாடமாக்கினா ரெண்டு கிழமையில பறந்திடும், காரணத்தோட சேர்த்துப் பிடிச்சா நிக்கும். 1970 செப்டம்பர் 27ல மெக்சிக்கோவில உலக சுற்றுலா அமைப்பின்ர சட்டவிதியை ஏத்துக்கொண்டவை, 1979ல ஸ்பெயின்ல கூடி அந்த நாளையே தினமாக்கினவை, 1980ல முதல்முறை கொண்டாடினது. யோசனை சொன்னது நைஜீரியாக்காரர் ஒருத்தர், அதாலதான் அங்க அவரை இந்தத் தினத்தோட சேர்த்து நினைக்கினம். ஒவ்வொரு வருசமும் ஒரு நாடு நடத்தும், ஒரு தொனிப்பொருள் இருக்கும், 2023 சவூதியில பசுமை முதலீடு, 2024 ஜோர்ஜியாவில சுற்றுலாவும் சமாதானமும். பழசைப் பாடமாக்கிக்கொண்டு இருக்காதையுங்கோ, நீங்கள் எழுதுற வருசத்து தீமைப் பாருங்கோ, அது போதும்.

எழுத்துப் பேப்பருக்கு இவ்வளவும் காணும். வைவா, அதான் வாய்மொழிச் சோதினை, அதுதான் வேற கதை. என்னட்டைத் தேதி கேக்கவே இல்லை. செப்டம்பர் 27ல ஒரு குரூப் திருகோணமலைக்கு வருது, என்ன காட்டுவீங்க, இதையே ஜனவரியில வந்தா என்ன மாத்துவீங்க எண்டு கேட்டவை. பாத்தா லேசான கேள்வி, ஆனா சீசன் விளங்காத ஆள் இதில அப்பிடியே மாட்டும். எங்கட கிழக்குக் கரைக்கு சீசன் ஏப்ரல் மே தொடக்கம் செப்டம்பர் மட்டும், பேந்து வடகிழக்குப் பருவமழை, மாரி தொடங்கினா கடல் கொதிக்கும், நிலாவெளி போட்காரர் வள்ளத்தைக் கரையில ஏத்திப்போட்டு வலை பின்னுவினம். அந்த நேரம் வெள்ளையள் எல்லாம் தெற்கில ஹிக்கடுவ மிரிஸ்ஸ பக்கம். அதால செப்டம்பர் கடைசியெண்டா கடல் விடுகிற வரைக்கும் காலமை வெள்ளென நிலாவெளிக்கு எதிர்க்க இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போகலாம், ஜனவரியெண்டா கடலை விட்டிட்டு கோட்டை, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று எண்டு தரையிலேயே ஓட்டுவன் எண்டு சொன்னன். தலையாட்டிச்சினம். புறாமலை 2003ல தேசியப் பூங்காவானது எண்டதும் அதில வந்திட்டுது, வலிஞ்சு சொல்லத் தேவையில்லாமல் போச்சு.

கோட்டைக்கு நேர போய் நிண்டு படியுங்கோ, வீட்டில இருந்து படிக்காதையுங்கோ. வாசல்ல கல்லுத் தூணில ரெண்டு கயல் மீன் செதுக்கியிருக்கும், பக்கத்தில தமிழ் எழுத்து, நீங்கள் எத்தினை தரம் பள்ளிக்கூடம் போகேக்க அதைக் கடந்திருப்பியள், எட்டிப் பாத்திருக்க மாட்டியள். 1622ல போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடிச்ச கல்லிலதான் இந்தக் கோட்டையே, 1639ல ஒல்லாந்தர் பிடிச்சவை, 1795ல இங்கிலீசுக்காரர், பிரெட்ரிக் எண்ட பேர் பேந்து வந்தது. இந்த மூண்டு வருசமும் அந்த வாசலோட ஒட்டிக்கொள்ளும். உள்ள போனா மான் வந்து கையிலிருக்கிற பையை மணக்கும், சாப்பாட்டுப் பார்சல் காட்டாதையுங்கோ, பொலித்தீனோட சேர்த்து விழுங்கிடும், ரூரிஸ்டுக்கும் இதைச் சொல்லுறது உங்கட வேலைதான்.

கோணேசருக்கு சம்பந்தர் பாடின தலம், ஈழத்தில பாடல் பெற்ற தலம் ரெண்டில ஒண்டு, மற்றது மன்னாரில திருக்கேதீச்சரம் எண்டு சொன்னாப் போதும். கோயிலடியில இருக்கிற பாறைப் பிளவு, அந்த இராவணன் வெட்டுக்கு மட்டும் ‘எண்டு சொல்லுவினம்’ எண்டு சேருங்கோ. கன்னியாவில ஏழு கிணறுக்கும் அப்பிடித்தான். ஐதீகத்தை வரலாறு மாதிரி அடிச்சுச் சொன்னா வைவாவில அடுத்த கேள்வி ‘ஆதாரம் என்ன’ எண்டுதான் வரும், என்ர பட்ச்சில ஒரு தம்பி அதில நிண்டு வேர்த்தது.

ஆரும் படிக்காமல் விடுகிற இடம் பெரியகுளம் பக்கத்து வெல்கம் விகாரை. சோழர் காலத்தில அதுக்கு இராசராசப் பெரும்பள்ளி எண்டு பேர், தமிழ்க் கல்வெட்டெல்லாம் இருக்கு, ஒரு பௌத்த விகாரையில. சிங்களக் குரூப், தமிழ்க் குரூப், வெள்ளைக்காரர் எல்லாருக்கும் நிண்டு கதைக்கக்கூடிய இடம் இதை விட எங்கட ஊரில எனக்குத் தெரியேல்ல. இதைச் சொன்னாப் பிறகுதான் பனலில இருந்த ஐயா பேனையைக் கீழ வச்சிட்டு என்னை நிமிந்து பாத்தவர்.

வாற ஞாயிறு நாலைஞ்சு பேரோட அங்கதான் போறன், ஓட்டோக்காசு பங்கு. வாறவை முன்னமே சொல்லுங்கோ, தொப்பியும் தண்ணியும் கொண்டு வாங்கோ, அங்க நிண்டு ஒவ்வொருத்தரா வாய்விட்டு விளக்கம் சொல்லிப் பாப்பம்.